செவ்வாய்க்கிழமை முகூர்த்தம்

கனகவேல் இறந்த செய்தியை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் லேபிள் அச்சகம் வைத்திருக்கும் ஒரு நண்பர். பெயர் வேண்டாம், நம் அச்சுத் தொழிலின் இந்த ஆண்டு மலரை அவரும் வாங்குவார். "நம்ம செவ்வாய்க்கிழமை போயிட்டாராம்ண்ணே. மதுரை ஆஸ்பத்திரியில, நெஞ்சுவலி. சாயங்காலம் எடுக்காக" என்றார். எந்தச் செவ்வாய்க்கிழமை என்று நான் கேட்கவில்லை. சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருக்கும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐம்பத்திரண்டு வயது வரை வாழ்ந்து, அதில் பாதிக்கு மேல் வண்ணங்களோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதரை, அவர் இறந்த அன்றும் ஒரு கிழமையின் பெயரால்தான் குறிப்பிட்டோம். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரிந்தது பொய். அதைச் சொல்லாமல், அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

நாங்கள் இருவரும் ஒரே காலண்டர் கம்பெனியில் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். அவர் வடிவமைப்பு, நான் பக்கம் கோக்கும் வேலை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஏலே என்பார். இரண்டாயிரத்து ஒன்றாம் வருடம், சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி கழித்துப் போட்ட மேக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, பட்டாசு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீலக் கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. தெருவே வந்து பார்த்தது. நானும் போய்ப் பார்த்தேன், பார்த்ததும் எனக்கு எரிந்தது.

அதே வருடம் நானும் வீட்டுக்கு ஒரு பிசி வாங்கியிருந்தேன். ஒரு கடையில் பெட்டி, இன்னொரு கடையில் திரை, தெரிந்த பையன் ஒருவன் கோத்துக் கொடுத்தது. உள்ளே ஓடியதெல்லாம் திருட்டு சிடி. எனக்கு அதில் பெருமைதான். ரிப்பேர் என்றால் சிவகாசியில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார்கள். அவருடைய மேக் படுத்துவிட்டால் மதுரையில்கூடப் பார்க்க ஆளில்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும். இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது டீக்கடையில் அவருக்கு நினைவூட்டினேன். அந்த மேக் ஒருநாளும் படுக்கவில்லை என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

"மவுசுல இன்னொரு பட்டன் எங்கன அண்ணாச்சி? எலி கடிச்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறேன். "ரெண்டு பட்டன் இருந்தும் ஒனக்கு எதை அமுக்கணும்னு தெரியலியே, ஏலே" என்றார். ஒருமுறை ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் பூச்சட்டி லேபிளை என் வீட்டுக்கே எடுத்துவந்து, என் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். தாளில் செவ்வரளி நிறம். திரையில் வேறு ஏதோ. "ஒம் பெட்டியில செவப்பு தக்காளி ரசமாட்டம் தெரியுதுலே. இதைப் பாத்து வேலை செய்தவன் கண்ணு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?" என் மனைவி முன்னால் சொன்னார். அவள் சிரித்தாள். அன்று நான் தீர்மானித்த சில விஷயங்கள் எனக்கே அப்போது தெரியாது.

மேக்கை நான் வெறுக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்திருந்தவர் ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தார், அதைத்தான் வெறுத்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி இந்த ஊரில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி இப்படிப்பட்டவைதான் என்று நினைக்கிறேன்.

காலண்டர் வேலையில் இல்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தினசரிக் காலண்டரில் தாள்களுக்கு மேலே இருக்கும் அட்டையில் அந்த வருடத்துச் சுபமுகூர்த்த நாட்களின் பட்டியல் வரும். ஜோசியர் கையால் எழுதித் தருவதைக் கனகவேல் தன் வீட்டு மேக்கில் அட்டவணையாக ஏற்றி, சரிபார்த்து, சிடியில் கொண்டுவருவார். கம்பெனியில் எல்லாம் பிசி. அங்கே அதைப் பக்கமாக்குவது நான். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சீசனில், அவர் கொடுத்த சிடியின் உறைமேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கட்டத்தை வெட்டி ஒட்ட வேண்டாம். பைலை அப்படியே திறக்கவும். மேக்கில் தேதிக் கணக்கு வேறு." வாயாலும் சொன்னார். மேக்குக்காரர்களுக்குத் தேதி கூடத் தனியாகத்தான் ஓடுமோ என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். பிறகு வெட்டி, நம்முடைய பைலில் ஒட்டினேன்.

அவர் சொன்னது உண்மை. அட்டவணை போடும் மென்பொருள் மேக்கில் நாட்களை 1904 தொடக்கத்திலிருந்து எண்ணும். பிசியில் 1900 தொடக்கத்திலிருந்து. ஒன்றிலிருந்து மற்றொன்றில் ஒட்டினால் எல்லாத் தேதியும் நான்கு வருடமும் ஒரு நாளும் பின்னால் போய்விடும். அந்த நான்கு வருடப் பிசகு என் கண்ணில் பட்டது. "பாருங்க உங்க மேக் லட்சணத்தை" என்று சத்தமாகச் சொல்லி வருடத்தை மட்டும் திருத்தினேன். அந்த ஒரு நாள் கண்ணில் படவில்லை. கிழமை தேதியோடு சேர்ந்து தானாக மாறிக்கொண்டது. ஆக, வியாழன் முகூர்த்தமெல்லாம் புதன் ஆனது. புதன் முகூர்த்தமெல்லாம் செவ்வாய் ஆனது.

செவ்வாய்க்கிழமை யாரும் தாலி கட்டுவதில்லை என்பது காலண்டர் பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பட்டியல் புரூஃப் பார்க்கப்பட்டது, மேலாளர் கையெழுத்திட்டார், அச்சாகி, ஜவுளிக்கடைகளுக்கு லோடு லோடாகப் போனது. சீசனில் நாம் புரூஃப் எப்படிப் பார்ப்போம் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரரின் போன் நம்பரை மூன்று பேர் பார்ப்போம். கிரகங்களை யாரும் பார்ப்பதில்லை; அவை ஆர்டர் தருவதில்லை.

விருதுநகர் ஜவுளிக்கடையில் காலண்டரை வாங்கிய ஒரு பெண்மணி அங்கேயே விரித்துப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை முகூர்த்தம் போட்டிருக்கீக? ஒங்க வீட்டுல அப்படித்தான் முடிப்பீகளா?" என்று கேட்டாராம். கடைக்காரர் வண்டி எடுத்து நேரே வந்துவிட்டார். முதலாளி எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

கனகவேல் தாளை ஒரு நிமிடம் பார்த்தார். உடனே தெரிந்துகொண்டார். "மேக்குல சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. இங்கன கட்டத்தை வெட்டி ஒட்டியிருக்கு. ஒட்டக் கூடாதுன்னு உறையில எழுதியிருந்தேன்" என்றார். யார் ஒட்டியது என்று முதலாளி கேட்டார். கனகவேல் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். சிவப்பு மை உறை என் மேஜை இழுப்பறையில் இருந்தது, பத்தடி தூரம். போய் எடுத்துவந்திருக்கலாம். நான் காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. "மேக்குங்கிறீக, டாக்குங்கிறீக. ஊரோட ஒத்து வராத பெட்டியை வீட்டுல வச்சு அழகு பாருங்க. என் கம்பெனிக்கு வேண்டாம்" என்றார். பெட்டியோடு மனிதரும் வேண்டாம் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

அறையை விட்டு வெளியே வந்ததும் கனகவேல் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "நீங்க போய் வேலையைப் பாருங்க."

பதினொரு வருடம் ஏலே என்றவர் அன்று எனக்கு மரியாதை கொடுத்தார். அதன்பிறகு எங்கே பார்த்தாலும் வாங்க, இருக்கீகளா, சாப்பிட்டீகளா என்றுதான் பேசினார். அவர் என் பெயரைச் சொல்லாததைப் பெருந்தன்மை என்று நீங்கள் சொல்லக்கூடும். பக்கத்தில் இருந்து அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பெருந்தன்மை அல்ல. சொல்ல வேண்டியவன் நான் என்பதை அவர் நாலு வருடம் எனக்குத் தினமும் தெரிவித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. வீட்டிலிருந்தபடி தொழில் நடத்தினார். இந்தத் தொழிலில் நின்று சம்பாதிப்பது கல்யாணப் பத்திரிகையில்தான். செவ்வாய்க்கிழமை கனகவேலிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க யார் வருவார்கள்? பட்டாசு லேபிளும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வந்தன. சாவுக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அந்த ஆர்டரை மட்டும் நம்பிக் கொடுத்தோம். நானே இரண்டு கொடுத்தேன். நன்றாகச் செய்தார்.

மயானத்துக்கு முதலாளி பெரிய மாலையோடு வந்தார். "தங்கமான மனுசன். அந்த மேக் கிறுக்கு மட்டும் இல்லேன்னா எங்கயோ போயிருப்பாரு" என்றார். சுற்றி நின்ற அச்சுத் தொழிலே தலையாட்டியது. நானும் ஆட்டினேன். கழுத்துக்கு அது பழகிப்போயிருந்தது.

பதினாறாம் நாள் கழிந்து அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவி சரசுவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காபி டம்ளரை என் முன்னால் வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே அவுக சொல்லிட்டாக. நீங்க வருவீகன்னும் சொன்னாக. மொத வருசமெல்லாம் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாப்பாக" என்றார். டம்ளரை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "இப்ப எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. தெரியாதவுககிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார்.

அதைத்தான் செய்திருக்கிறேன். இந்த மலரில் இடம் கேட்டபோது, இறந்தவரின் நல்ல குணங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதும்படி சொன்னார்கள். அவருடைய நல்ல குணம், சரியாக வேலை செய்தது. அதற்கு நாம் கொடுத்த கூலியை மேலே எழுதியிருக்கிறேன்.

கனகவேலிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அந்தப் பெயர். முதல் நாளிலிருந்தே அது என்னுடையது. நாலு வருடம் அவர் சுமந்தார். இனிமேல் சிவகாசிக் கடைத்தெருவில் யாருக்காவது செவ்வாய்க்கிழமை என்று கூப்பிடத் தோன்றினால் தாராளமாகக் கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.