செருப்பு பஸ்ஸிலேயே இருக்கட்டும்

என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "பிரிக்பீல்ட்ஸ். முப்பத்தெட்டுப் பேர். ஆள் இறக்கம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. மழை இல்லை." அந்த முப்பத்தெட்டுப் பேரில் ஒரு பெண்மணியின் பாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கத்தை எழுதி முடித்தபோது அவர் இன்னும் கோயிலுக்குள் இருந்தார். அதன் பிறகு பல நாள் நான் வேறு எதையும் ஒழுங்காக எழுதவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்கு நான் வழிகாட்டி. விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வதிலிருந்து திரும்ப விமானம் ஏற்றிவிடும் வரை அவர்கள் என் பொறுப்பு. ஊரைக் காட்டுவது சுலபம். பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்பதில்தான் என் தலைமுடி பாதி போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் போகும் கோயில் ஒருவழித் தெருவில் இருக்கிறது. நாற்பத்து நான்கு இருக்கை பஸ் உள்ளே நுழைந்தால் பின்னால் வரும் கார்களெல்லாம் நிற்க வேண்டும். ஆளை இறக்கியதும் பஸ் கிளம்பிவிட வேண்டும். எங்கோ தள்ளி ஓர் ஓரத்தில் காத்திருந்து, நான் போன் செய்ததும் சுற்றிக்கொண்டு வரும். நல்ல நாளில் பன்னிரண்டு நிமிடம்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கெடுத்தது செருப்பு. கோயில் வாசலில் செருப்பு வைக்க இடம் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் ஒளித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பும்போது எல்லோரும் குனிந்து தேடிக்கொண்டிருக்க, பஸ் வந்து, ஹாரன் அடித்து, நிற்க முடியாமல் போய்விடும். மறுபடி ஒரு சுற்று. அதனால் ஒரு முறையை வகுத்தேன். செருப்பை இருக்கைக்கு அடியில் விட்டுவிட வேண்டும். பஸ் கதவு கோயில் வாசலுக்கு நேராகத் திறக்கும். கதவிலிருந்து வாசல் ஓடு வரை நாலு எட்டு. நடந்து அளந்திருக்கிறேன். மற்ற வழிகாட்டிகளும் என்னைப் பார்த்து அப்படியே செய்யத் தொடங்கினார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்று வந்தது ஈரோட்டுப் பக்கத்துக் குழு. பஸ் தெருவுக்குள் திரும்பும்போது, ஐந்தாவது வரிசையில் ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கையைத் தூக்கினார். பக்கத்தில் அவருடைய கணவர்.

"சார், நான் மட்டும் செருப்புப் போட்டுக்கிட்டே எறங்கட்டுங்களா?"

அவர் காலில் பின்பக்கம் வார் வைத்த, தடித்த கறுப்புச் செருப்பு. விலை உயர்ந்ததாகத் தெரியவில்லை. தொலைந்துவிடும் என்று பயப்படுகிறார் போல என்று எண்ணினேன்.

"நாலே எட்டுதாம்மா. செருப்பு பஸ்ஸிலேயே இருக்கட்டும்."

"செரிங்க," என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும்.

உச்சிப் பூஜை முடியப் பன்னிரண்டு நாற்பது ஆனது. நான் வாசலுக்கு வெளியே, காலில் சூவோடு நின்றேன். நான் உள்ளே போவதில்லை, பஸ்ஸை வரவழைப்பது என் வேலை. ஓட்டுநர் பந்திங் ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். அவர் இருப்பிடம் என் போன் திரையில் நீலப் புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி தெருமுனை வரை வந்தது. நின்றது. பிறகு நேராகப் போய்விட்டது. போன் செய்தேன்.

"உள்ள வர முடியல லா, அண்ணே. கிரேன் லோரி ஒன்னு குறுக்க நிக்குது, போர்டு மாட்டுறானுங்க. ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டேன்."

"எவ்வளவு நேரமாம்?"

"அரை மணின்றான். அவன் அரை மணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பெரிய ரோட்டுக்கு நடந்து வரச் சொல்லுங்க, தூக்கிக்கிறேன்."

கிள்ளானில் ஒன்றரைக்குச் சாப்பாடு, வாழையிலை போட்டு வைத்திருப்பார்கள். மாலையில் விமானம். கோயில் மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தேன். "நடந்துடலாம், கிட்டத்தான்," என்றேன்.

நானூறு எட்டுக்குக் குறையாது. தார் வெந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வெறுங்காலுடன் இறங்கினார்கள். சிலர் சாலையின் வெள்ளைக் கோட்டிலேயே ஒற்றை வரிசையில் ஓடினார்கள். சிலர் கடை நிழலுக்கு நிழல் தாவினார்கள்.

"ஏனுங்க சார், தீ மிதிக்கறது டூர்ல சேந்ததுங்களா, தனிங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"வெரதம் இருக்கச் சொல்லவே இல்லீங்களே!" என்றார் இன்னொருவர்.

சிரித்துக்கொண்டே எண்ணினேன். முப்பத்தேழு. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்மணி நடுத் தாரில் நிதானமாக வந்துகொண்டிருந்தார். மல்லிகைச் சரங்களைப் பார்க்க ஒரு பூக்கடை முன்னால் நின்றுகூடப் பார்த்தார், வெயிலில். இந்த ஒருத்தராவது முகம் சுளிக்காமல் வருகிறாரே என்று நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

பத்துப் பதினைந்து எட்டு போன பிறகுதான் அந்தக் கறுப்புச் செருப்பு நினைவுக்கு வந்தது. முன்னால் போன கணவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"அந்த அம்மா செருப்புப் போட்டுக்கட்டுமான்னு கேட்டாங்களே, எதுக்கு?"

அவர் ஒரு கணம் என் சூவைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அய்யோ, சக்கரைங்க. பாதத்துல உணர்ச்சியே கெடையாதுங்க. அது டாக்டரு எழுதிக் குடுத்த செருப்பு. போன வருசந்தான் ஒரு வெரல எடுத்தாங்க."

ஓடினேன். சூவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"அட, உங்க சூவப் போயி நான் போடறதுங்களா? வேண்டாமுங்க. எனக்குச் சுடவே இல்லீங்க," என்றார்.

அவர் நின்று பேசிய நேரம் முழுவதும் பாதம் தாரில் இருந்தது. பூக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, நெழலுக்கு வாங்க மொதல்ல! யாரு இவங்கள வெறுங்கால்ல நடக்க விட்டது?"

"நான்தான்."

பூக்கார அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நல்லா இருக்கு லா அண்ணே. நீங்க மட்டும் சூ போட்டுக்கிட்டீங்க." பேசிக்கொண்டே தன் சிலிப்பரை உதறிக் காலால் தள்ளினார். ஒரு வாளித் தண்ணீரை இழுத்து வைத்து, "காலக் கழுவிட்டுப் போடுங்கக்கா. என்னோடதுதான், கூச்சப்படாதீங்க," என்றார். என் சூவை மறுத்தவர் அதைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த தெருவில் ஒரு கிளினிக் இருந்தது. பெரிய சாலையில் பஸ்ஸுக்கு நிற்க அனுமதி இல்லை. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றச் சொன்னேன். டாக்டர் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் வரை நான் கதவருகே நின்றேன். வலது பாதம் சிவந்திருந்தது. இடது குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். ஒரு விரல் இல்லாத கால் அதுதான்.

"இன்னிக்குப் பாத்து ஒன்னும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "ஒடையாம பாத்துக்கணும். தெனம் பாக்கணும். கறுத்தா உடனே ஆஸ்பத்திரி. ரெண்டு வாரம் தாண்டட்டும்."

பஸ் போன் செய்தது. பேசியது ஓட்டுநர் இல்லை, தீ மிதியைப் பற்றிக் கேட்டவர். "சார், இந்த ரயில்வே ஸ்டேசன மூணாவது தடவ பாக்கறோமுங்க. நெம்ப அழகா இருக்குது. அந்தக்காவுக்கு எப்படீங்க?"

கிள்ளானில் இலையில் சோறு ஆறிப்போயிருந்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண்மணி என்னைப் பார்த்துக் கையசைத்தார். கணவர் அசைக்கவில்லை.

தினம் காலையில் பாதத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கணவரைக் கேட்டிருந்தேன். அனுப்பினார். வார்த்தை ஒன்றும் இல்லாமல் ஒரு குதிகால் மட்டும். மற்றக் குழுக்களோடு நின்றுகொண்டிருக்கும்போது திரையைப் பெரிதாக்கி அதன் ஓரங்களைப் பார்ப்பேன். நேற்றையதோடு ஒப்பிடுவேன். நான்காம் நாள் கொப்புளம் உடைந்தது. ஆறாம் நாள் ஓரம் கொஞ்சம் இருண்டு தெரிந்தது. வெளிச்சமா, கறுப்பா என்று புரியவில்லை. பூச்சோங்கில் ஒரு குழுவை மாலில் இறக்கிவிட்டு, தலை எண்ணாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் தலை எண்ண மறந்தது அந்த ஒரு நாள்தான்.

பதினோராம் நாள் படம் வரவில்லை. மறுநாளும் இல்லை. போனை எடுப்பேன், வைப்பேன். பதின்மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். அந்தப் பெண்மணியே எடுத்தார்.

"சார், அவரு தோட்டத்துக்குப் போயிட்டாருங்க. காலுங்களா? காஞ்சு தோல் புடிச்சிருச்சு. டாக்டரு பாத்துட்டு செரின்னுட்டாரு. அத வுடுங்க. அந்தப் பூக்காரக்கா செருப்பு எங்கிட்டயே வந்துருச்சு. பிளேன்ல போட்டுட்டே வந்துட்டேன். அவிக கிட்டச் சொல்லீருங்க."

அன்று பிற்பகலே ஒரு புதுச் சிலிப்பர் வாங்கிக்கொண்டு போனேன். பூக்கார அக்கா பொட்டலத்தைத் தொடவில்லை.

"கால் எப்படி?"

"ஆறிடுச்சு."

"பாத்தீங்களா, கேட்டீங்களா?"

"அவங்களே சொன்னாங்க."

அதன் பிறகுதான் பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமல் கடைப் பலகைக்கு அடியில் தள்ளினார்.

இப்போது ஆளுக்கு ஒரு துணிப்பை கொடுக்கிறேன். செருப்போடு இறங்கி, வாசலில் கழற்றி, பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்கிறார்கள். இறக்கம் ஒன்பது நிமிடம். பந்திங்காரர் கண்ணாடியில் முறைக்கிறார், பின்னால் கார்கள் கத்துகின்றன. நான் இன்னும் நிமிடங்களை எழுதத்தான் செய்கிறேன். பஸ் கதவு திறந்ததும் பூக்கார அக்கா தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். நான் தலைகளை எண்ணுகிறேன். அவர் கால்களைப் பார்க்கிறார்.