ஆயரும் வண்டிக்காரனும்

அன்செல்மோ பெர்தான்யா குனிந்து ஒரு கஷ்கொட்டையை எடுக்கிறார். அதன் நுனிவாலைத் தடவுகிறார். தோலின் வரியைப் பார்க்கிறார். வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்புகிறார். பிறகு கல்சுவரைத் தாண்டி மேல்சரிவுக்கு வீசுகிறார். "அவங்க குப்பை அவங்களுக்கு." அடுத்ததைத் தன் கூடையில் போடுகிறார். அக்டோபர் முழுக்க இதுதான் வேலை. மேலேயிருந்து உருண்டு வந்த ஒன்றுகூடத் தன் கூடையில் சேர்ந்துவிடக் கூடாது என்பதில், எங்கள் டஸ்கனி மலையில் இவரைப் போன்ற நாணயஸ்தர் இல்லை.

மேல்தோப்பு தம்பி ஒலிந்தோவுடையது. அப்பா இறந்ததும், மூத்தவர் என்ற முறையில் அன்செல்மோ முதலில் தேர்ந்தெடுத்துக்கொண்டார். கீழ்ச்சரிவு மரங்களுக்கு, பிஷப்பின் மரியாதையோடு, 'ஆயர்' என்று பெயர். தோல் சுலபமாக உரியும், மாவு இனிக்கும். மேல்சரிவில் இருப்பது 'வண்டிக்காரன்'. பன்றிகூட யோசித்துத்தான் தின்னும். இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவரும் அன்செல்மோதான். யாராவது சந்தேகப்பட்டால் வண்டிக்காரன் ஒன்றைக் கடித்து, மென்று, தூவென்று துப்பிக் காட்டுவார். முப்பத்திரண்டு வருடம் துப்பியதில் ஊர் நம்பிவிட்டது.

ஆகவே, மாவரைப்பதற்காகக் கஷ்கொட்டையை நாற்பது நாள் புகையில் காயவைக்கும் பொதுக் குடிசைக்குள் வண்டிக்காரனுக்கு அனுமதி இல்லை. குடிசையின் சாவி அன்செல்மோவின் இடுப்பில் தொங்கும். முப்பத்திரண்டு வருடமும் ஒலிந்தோ தன் விளைச்சலைப் பன்றி வளர்ப்பவனுக்கே போட்டான். இது அநியாயம் என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. அதில் ஆயர் மாவு அப்பம் இருந்ததால் திறக்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஒலிந்தோ இறந்தான். அண்ணன் பெட்டிக்கு முன்பக்கத் தோள் கொடுத்தார். பாதி வழியில் என் காதருகே சொன்னார்: "மேல்தோப்பு மரத்துப் பலகைப்பா. அதான் இந்தக் கனம் கனக்குது."

மே மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பள்ளத்தாக்கில் எத்தனை ரகம் இருக்கிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க மரத்துக்கு மரம் இலை பறித்து, எண் எழுதிய பைகளில் போட்டுக்கொண்டாள். நாங்கள் நாற்பத்தொரு ரகம் சொன்னோம். ஆயரின் மேன்மையை மட்டும் அன்செல்மோ ஒரு பகல் முழுக்க விளக்கினார்.

செப்டம்பரில் பட்டியலைத் தேவாலயக் கதவில் ஒட்டினார்கள். மரபணுப்படி ஒன்பதே ரகம். ஆயரும் வண்டிக்காரனும் ஒன்று. என்றோ ஒரே தாய்மரத்தின் கிளைகளை வெட்டி இரண்டு சரிவிலும் ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். பெயர்கள் மட்டும் எங்கள் சொந்த விளைச்சல். வேறெங்குமே இல்லாத ரகம் என்று ஒன்று இருக்கிறது. பாதையோரம் தானாக முளைத்து, பெயரே இல்லாமல் நிற்கும் அந்த மரத்தில்தான் இத்தனை காலமும் பன்றியைக் கட்டிவந்தோம்.

அன்செல்மோ பட்டியலைக் கண்ணாடி போட்டும் படித்தார், கழற்றியும் படித்தார். "இலைய வச்சு என்னத்தக் கண்டாங்க? இவங்க யாராச்சும் கொட்டையத் தின்னு பார்த்தாங்களா?" என்றார். ஊர் தலையாட்டியது. நானும்தான்.

நேற்று ஒலிந்தோவின் மனைவி டிர்ச்சே சுவரோரம் வந்து நின்றாள். மடி நிறைய வண்டிக்காரன்.

"அத்தான், இந்த வருஷம் என்னோடதையும் குடிசையில பரப்பணும். சாவி வேணும்."

"எனக்கென்னம்மா, தாராளமா தருவேன். ஊரு மாவு கெட்டுப்போகுமேன்னுதான் பார்க்கிறேன்."

"கடைசி வாரம் படுக்கையில கெடந்துக்கிட்டு, நம்ம மரத்து மாவுல ஒரு அப்பம் சுட்டுக் குடுன்னு கேட்டாரு. என்கிட்ட மாவு ஏது?" அவள் ஒரு கொட்டையை எடுத்து நிதானமாகத் தோலுரித்து நீட்டினாள். "நீங்களே கடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க."

அன்செல்மோ வாங்கிக் கடித்தார். மென்றார். வழக்கத்தைவிட நெடுநேரம் மென்றார். அவருடைய தொண்டைமுடிச்சு ஏறி இறங்கியதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பிறகு அவர் பக்கவாட்டில் திரும்பி, வெறும் வாயைக் குவித்து, தூவென்று துப்பினார்.