சரிவகமும் கிளிப் பாவாடையும்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை, அன்றைக்கும் இருந்ததில்லை. காலையில் வகுப்பில் நடந்த பாடம் சாயங்காலம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் இன்னொரு முறை நடக்கும்.

ஒரு வருஷம் ஆடித் திருவிழாவுக்காக அப்பா கும்மிடிப்பூண்டிச் சந்தையில் அக்காவுக்குப் பாவாடைத் துணி வாங்கி வந்தார். மஞ்சள் சீட்டித் துணியில் பச்சைக் கிளிகள். இடுப்பில் ஒடுங்கிக் கீழே விரியும் ஆறு பட்டைப் பாவாடைதான் வேண்டும் என்றாள் அக்கா. அம்மா சாண் போட்டு அளந்தாள்.

"நாலு பட்டைக்குத்தான் வருது. ரவிக்கையா தெச்சுக்கோ."

அக்கா துணியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஆடி வரைக்கும் வேறு புதுத்துணி கிடையாது.

எனக்கோ அந்தப் பட்டை தெரிந்த முகமாக இருந்தது. மேலும் கீழும் இணையான இரண்டு கோடுகள், பக்கத்துக்கு ஒரு சாய்வு. டீச்சர் கரும்பலகையில் வரைந்த சரிவகமேதான்.

"யம்மா, ஒண்ண நேரா வெச்சு, பக்கத்துல இன்னொண்ண தலைகீழா வெச்சா சாய்வோட சாய்வு ஒட்டிக்கும். நடுவுல துணி வீணாவாது."

"துணில கை வெச்சு பேஜாரு பண்ணாதடி."

பழைய செய்தித்தாளில் ஆறு பட்டைகள் வெட்டினேன். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தபோது இரண்டு சாய்வுகளும் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இரண்டைச் சேர்த்து வைத்தால் ஓர் இணைகரம். குட்டைப் பக்கமும் நெட்டைப் பக்கமும் கூடியது அதன் அடிப்பக்கம். சரிவகத்தின் பரப்பளவு வாய்பாட்டில் ஏன் பாதியாக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. ஆறும் துணிக்குள் அடங்கின. அம்மா வாய் திறப்பதற்குள் அக்கா கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

அம்மா தைத்து முடித்துக் கொடியில் போட்டாள். நான் பாராட்டுக்காகப் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னாடி இது, ஒரு பட்டைல கிளி நிக்குது, அடுத்த பட்டைல தலைகீழா தொங்கிக்கினு கீது?"

பக்கங்களையும் கோணங்களையும் பார்த்த நான் கிளியைப் பார்க்கவில்லை.

"சரிவகத்துக்கு ஏதும்மா தலை?"

"கிளிக்கு கீதுல்ல."

அக்கா பாவாடையை உருவிக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆறு பட்டையும் குடையாக விரிந்தன.

"சுத்துனா எது தல, எது காலுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"

திருவிழாவில் கும்மியடிக்கும்போது அப்படித்தான் சமாளித்தாள். நின்றபோதுதான் தெருப் பெண்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

"உங்க ஊட்டு கிளி இன்னா, சர்க்கஸ் காட்டுதா?"

"எங்க ஊட்ல கிளிகூட படிச்சிருக்கு," என்றாள் அக்கா, என்னைக் காட்டி.

மறுவருஷம் துணி வாங்க அவளே என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். பூப்போட்ட துணி ஒன்றை எடுத்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடியும் கவிழ்த்தாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா தேடுற?"

"மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கணும், நைனா," என்றாள் அக்கா. "வெட்டப்போறது இவ."