கைப்பிடி இல்லாத மாடிப்படி

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்து தையல் வேலை செய்துவந்தவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். குடியிருப்பவர் இருக்கும்வரை வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, காலி செய்தால் புது ஆளிடம் எவ்வளவும் கேட்கலாம் என்று நகராட்சி விதி கொண்டுவந்தது. அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "வரி ஏறும், வாடகை மட்டும் ஏறாதா?" என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தார்.

அதன்பின் ஒழுகும் குழாயைப் பார்க்க ஆள் வரவில்லை. மாடிப்படி விளக்குகள் அணைந்தன. மற்ற குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்தன. அந்த வீடுகளின் கதவுகளை வீட்டுக்காரரின் ஆட்கள் கழற்றிவிட்டார்கள். காற்றடித்தால் கட்டடமே முனகியது.

ஒரு காலையில் பழுதுபார்ப்பதாகச் சொல்லி மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியை அறுத்தெடுத்தார்கள். வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"படி பாத்து இறங்குங்கக்கா. ஏதாவது ஆச்சுன்னா எனக்குத்தானே மனசு கஷ்டம்?"

"சட்டம் என் பக்கம் இருக்கு தம்பி."

"சட்டம் வந்து கையப் பிடிச்சு இறக்கிவிடுமா?" என்று சிரித்தார்.

அக்கா கீழே இறங்குவதையே விட்டுவிட்டாள். தைத்த துணிகளைக் கூடையில் வைத்து, ஜன்னல் வழியாகக் கயிற்றில் இறக்கினாள். வாடிக்கையாளர்கள் அதே கூடையில் காய்கறி அனுப்பினார்கள்.

நேற்று ஓர் ஆள் வந்து, "ஜன்னலையும் பழுது பாக்கணுமாம்" என்று சொல்லி அளவெடுத்துப் போனான்.