வேப்பமரத்தடியில் நின்ற நட்சத்திரம்

போன வெள்ளிக்கிழமை சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வைத்து, என் கார் மறுபடியும் என் மானத்தை வாங்கியது.

என் காரைத்தான் உங்களுக்குத் தெரியுமே... அதன் ஹாரனைப் பற்றி மட்டுமே இந்தப் பக்கத்தில் இரண்டு வாரம் எழுதியிருக்கிறேன். சாவியைத் திருப்பினால் இருமும். இரண்டாவது தடவை திருப்பினால் அந்த இருமலும் வராது. பட்டா பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட்டு வந்தவள், பானெட்டைத் திறந்துவைத்து, எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தானே பார்க்கிறோம்?

பக்கத்தில் ஏதோ வந்து நின்றது. வந்த சத்தமே இல்லை. கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. அதன் கதவில் என் முகம் தெரிந்தது, வியர்வையோடு சேர்த்து.

கண்ணாடி இறங்கியது.

"என்ன தங்கச்சி, வண்டி சண்டித்தனம் பண்ணுதா? பூட்டிப் போட்டுட்டு ஏறு. மெக்கானிக்குக்கு நான் சொல்லுதேன்."

தனுஷ்கோடி அண்ணாச்சி! எங்கள் தெருக்காரர். சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் சின்னதாக ஒரு பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறார். நேற்றுவரை அவரிடம் இருந்ததும் என்னுடையதைப் போல ஒரு இருமல் வண்டிதான். இன்றைக்கு அவர் உட்கார்ந்திருக்கும் வண்டியின் மூக்கிலோ... வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம்!

பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் என்று எடிட்டர் வெட்டிவிடுவார். ஜெர்மன்காரர்களின் அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் வேறு வேண்டுமா என்ன?

ஏறினேன். கதவைச் சாத்தினேன். வெளியே இருந்த ரோட்டு இரைச்சல், மைக் செட், வெயில் எல்லாம் சட்டென்று நின்றுபோயின. சீட் என் முதுகைத் தெரிந்துவைத்திருந்தது போல வளைந்துகொடுத்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு நாற்காலியைப் பார்த்து எனக்குக் கண் கலங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

"எப்படி இருக்கு?" என்றார்.

சீட்டை இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

இந்தக் காருக்கும் அண்ணாச்சிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அவர் முதன்முதலில் சொந்தமாகச் சரக்குப் போட்டது தரைச்சக்கரம். பெட்டிக்கு லேபிள் வேண்டும். சிவகாசியில் லேபிளுக்கு எந்தப் படமும் ஆகும்: சாமி, சிங்கம், ரோஜாப்பூ, ராக்கெட். அண்ணாச்சி ஒரு வெளிநாட்டுக் காலண்டரிலிருந்து இந்த நட்சத்திர காரை வெட்டிக்கொண்டு போய் பிரஸ்ஸில் கொடுத்தார். வரைந்த ஆர்ட்டிஸ்ட் தாராள மனசுக்காரர். மூன்று முனை அவருக்குக் குறைச்சலாகப் பட்டிருக்கிறது. ஐந்தாக்கிவிட்டார்! அந்த ஐந்து முனை நட்சத்திரத்தோடுதான் தரைச்சக்கரப் பெட்டிகள் இத்தனை தீபாவளிக்கும் லோடு லோடாக வடக்கே போயின.

"என் வாழ்க்கை பூரா இந்தக் காரை அட்டைப்பெட்டியில ஒட்டி ஒட்டி வித்தேன். ஒரு நாள் இதுக்குள்ள உக்காந்து பாக்கணும்னு இருக்காதா தங்கச்சி?"

இருக்கும்தான்.

நாலுவழிச் சாலையில் வண்டி போகிறது என்பதே தெரியவில்லை. சாலைதான் எங்களுக்கு அடியில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கதை சொல்ல ஆரம்பித்தார். லேபிள் ஒட்டிய காலத்திலிருந்து இந்தக் காரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிற மனிதர். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இன்று கலெக்டர் ஆபீஸுக்குள் உட்கார்ந்திருப்பார்.

நூறு வருஷத்துக்கும் முன்னால், ஜெர்மனியில், குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை ஒருத்தர் செய்துவிட்டார். மூன்று சக்கரம், ஒரு இன்ஜின். ஆனால் ஊர் நம்பவில்லை. வாங்க ஆள் இல்லை. மனிதர் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரவே கூச்சப்படுகிறார். அவருடைய மனைவி பார்த்தாள். ஒரு நாள் விடிகாலை, புருஷன் தூங்கும்போது, இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எங்கே? அம்மா வீட்டுக்கு!

"சொல்லாம கொள்ளாம போயிட்டா தங்கச்சி. நம்ம சூலக்கரையிலேருந்து கோவில்பட்டி போயிட்டுத் திரும்பி வாற தூரம் இருக்கும். ரோடே கெடையாது. வண்டித் தடம்தான்."

வழியில் எரிபொருள் தீர்ந்துபோனது. பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடையில் கறை போக்க விற்கும் ஒரு திரவத்தை வாங்கி ஊற்றினாள். குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்தி எடுத்தாள். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, பிரேக் கட்டைக்குத் தோல் வைத்து அடிக்கச் சொன்னாள். இன்றைக்கு உலகத்தில் ஓடும் அத்தனை கார்களின் பிரேக்குக்கும் அந்தத் தோல்தான் பாட்டன்.

அம்மா வீடு போய்ச் சேர்ந்து, அங்கிருந்து புருஷனுக்குத் தந்தி அடித்தாளாம். ஓடுகிறது உங்கள் வண்டி!

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த ரோட்டில் என்னை ஓரங்கட்டிவிட்டு "பொம்பள டிரைவிங்" என்று கத்திக்கொண்டு போன லாரிக்காரர்கள் எத்தனை பேர்! அத்தனை பேரையும் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நட்சத்திரத்துக்கும் கதை உண்டு. அதே காலத்தில், அதே நாட்டில், இன்னொருவரும் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தான் குடியிருந்த வீட்டின் படத்தில் ஒரு நட்சத்திரம் வரைந்து, இது ஒரு நாள் நம் தொழிற்சாலை மேல் எழும்பும் என்று மனைவிக்கு எழுதினாராம். அவர் போன பிறகு மகன்கள் அதை நினைவு வைத்திருந்து சின்னமாக்கினார்கள். மூன்று முனை, நிலம், நீர், ஆகாயம். பிற்பாடு இரண்டு பேருடைய கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. காருக்கு வைத்த பெயரோ ஒரு வியாபாரியின் மகள் பெயர். இதை எல்லாம் அண்ணாச்சி சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

சாத்தூர் நெருங்கும்போது குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எது பிடிச்சிருக்கு தெரியுமா? இவுகளோட இன்ஜினியர் ஒருத்தர் யோசிச்சாரு. வண்டி மோதுனா முன்பக்கம் நொறுங்கட்டும், பின்பக்கம் நொறுங்கட்டும், நடுவுல ஆள் இருக்கிற பெட்டி மட்டும் நிக்கணும்னு. நம்ம கம்பெனியில ரூம் எப்படிக் கட்டியிருக்கோம்? நாலு பேருக்கு ஒரு ரூம். நாலு பக்கமும் வாசல். ஒரு ரூமுக்கும் அடுத்த ரூமுக்கும் எடவெளி. எதுக்கு? ஒண்ணு போனாலும் அடுத்தது நிக்கணும். ரெண்டும் ஒரே யோசனைதானே?"

பிறகு ஸ்டியரிங் நடுவில் இருந்த நட்சத்திரத்தைத் தட்டிக்காட்டினார். "இதுக்குள்ள காத்துப்பை இருக்கு. வண்டி மோதுனா கண் இமைக்கிற நேரத்துல விரியணும்ல... எதை வச்சு விரியுது? உள்ள துளி மருந்து. படக்குனு வெடிச்சு ஊதுது! நம்ம சரக்கு தங்கச்சி! அம்புட்டுப் பெரிய கம்பெனி, உசுரைக் காப்பாத்த நம்ம சரக்கைத்தான் நம்புது!"

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டாசுக்காரர் என்றால் ஊரில் ஒரு மாதிரிதான் பேசுவார்கள். அந்த மனிதருக்கு இது எம்புட்டுப் பெரிய மரியாதை!

சரி... இப்போது கம்பெனி கேட்டுக்கு வருவோம்.

என்னை வீட்டில் விடும் முன் அண்ணாச்சியின் திட்டம் இது. பதினோரு மணி டீ நேரம். வேலையாட்கள் அறைகளை விட்டு வெளியே வந்திருப்பார்கள். வண்டியை நேராக உள்ளே கொண்டுபோய், ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, எல்லோரும் பார்க்கப் பூஜை போடுவது. முதல் லோடு போனபோது அங்கேதான் பூசணிக்காய் உடைத்தாராம். டிக்கியில் பூசணிக்காய், நாலு எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் தயார்.

கேட்டின் குறுக்கே சங்கிலி. சங்கிலிக்கு அந்தப் பக்கம், கேட் காவலுக்கு இருக்கும் முத்துமாரி.

சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் ரிஜிஸ்டர். நாற்பது வயது இருக்கும். கேட்டுக்கு வருவதற்கு முன் வேறொரு கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் இருந்தவள். அங்கே நின்ற ஒரு லாரியிலிருந்து பொறி பறந்து அறை வெடித்துப் போனது. வலது கையில் மூன்று விரல் மடங்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போக முடியாதவள். மகள் விருதுநகரில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இந்த வேலை ஒன்றில்தான் வீடு ஓடுகிறது.

காரைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் பல். "ஆத்தாடி! நம்ம சக்கரப் பெட்டி வண்டில்ல இது! மொதலாளி, ராசா மாதிரி இருக்கீக!"

சங்கிலிக்கு இந்தப் பக்கம் வந்து காரை ஒரு சுற்று சுற்றினாள். மடங்காத கையால் பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம் போய்க் குனிந்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பைக் காணோம்.

"மொதலாளி, சைலன்சர்ல மூடி இல்லையே."

லோடு ஏற்ற வரும் லாரிகளுக்கு சைலன்சர் வாயில் பொறி வெளியே வராமல் ஒரு மூடி மாட்டுவார்கள். அது இல்லாத வண்டி சங்கிலியைத் தாண்ட முடியாது. அண்ணாச்சியின் பழைய கார்கூட வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

"புது வண்டி முத்துமாரி. ஜெர்மன் வண்டி. பொறியெல்லாம் வராது. தொற."

"தொறக்க முடியாது மொதலாளி."

எனக்கு எரிச்சலாக வந்தது. உண்மையைச் சொல்கிறேன். நான் கேமராவை ஆன் செய்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அந்தக் கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது.

அண்ணாச்சி இறங்கினார். அந்தப் பக்கம் டீ டம்ளர்களோடு பெண்கள் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. கேட்டில் இருந்த போர்டைக் காட்டினார். "என்ன போட்டிருக்கு? மூடி இல்லாத வெளி வண்டிக்கு அனுமதி இல்லைன்னு. நானே எழுதிக் குடுத்தேன். இது என் வண்டிம்மா. வெளி வண்டியா?"

"பொறிக்கு அது தெரியாதே மொதலாளி."

அவள் மெதுவாகச் சொன்னாள், "டிக்கியையும் தொறந்து காட்டிருங்க."

திறந்தார். பூசணிக்காய், பழம், மாலை. அதற்குப் பக்கத்தில் ஒரு சூடம் பாக்கெட். அதன் மேல் ஒரு தீப்பெட்டி.

பட்டாசு கம்பெனி முதலாளி! பீடி குடிக்கிறவனை வேலைக்கே எடுக்காதவர். ஆயுத பூஜைக்குக்கூட கேட்டுக்கு வெளியே சூடம் கொளுத்துகிறவர். சந்தோஷத்தில் மனிதர் எதைக் கொண்டு வந்திருக்கிறார் பாருங்கள்!

முத்துமாரி அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தாள். சங்கிலிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"வேலையை விட்டு நிப்பாட்டணும்னா நிப்பாட்டிருங்க மொதலாளி. உள்ள அறுவது பேரு இருக்காக. நான் தொறக்க மாட்டேன்."

அண்ணாச்சி தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு டிக்கியைச் சாத்தினார். போனையும் கார் சாவியையும் தீப்பெட்டியையும் கேட்டில் இருந்த மரப்பெட்டியில் போட்டார். சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழைந்தார். எல்லோரும் தொடுவது போல, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்க செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். விறுவிறுவென்று ஆபீஸுக்குள் போய்விட்டார்.

நானும் முத்துமாரியும் வேப்பமரத்தடியில் நின்றோம். என் போனை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

"சாப்பிட்டீகளாக்கா?" என்று கேட்டாள். "நாளைக்கு வேற ஆளைப் போட்டுருவாக. அது தெரியுது. பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு கெடக்கு... ஆனா நீங்களே சொல்லுங்கக்கா, நான் என்ன செய்ய?"

வாரா வாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிற நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணி நேரம் இருக்கும். அண்ணாச்சி வந்தார். கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா, ஒரு பிரஷ். எங்களைப் பார்க்கவே இல்லை. நேராகப் போர்டுக்குப் போனார். மூடி இல்லாத வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை என்ற வரிக்குக் கீழே, கோணல்மாணலாக, பெயிண்ட் வழிய வழிய எழுதினார்:

"முதலாளி வண்டிக்கும்."

பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "ஏம்மா முத்துமாரி... அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து டயருக்கு அடியில வையி. சூடம் வேண்டாம். மாலையை மட்டும் போடுவோம். வச்சிட்டு முன் சீட்டுல ஏறு. மொத சவாரி நீதான்."

"கேட்டை யாரு பாக்க?" என்றாள் அவள்.

"நான் பாக்கேன்," என்றார் அண்ணாச்சி. "தங்கச்சி ஓட்டுவா."

அப்படியாக, அந்த நட்சத்திரக் காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் முத்துமாரி, மடியில் கை வைத்தபடி. நாலு டயரும் நாலு பழத்தை நசுக்கிவிட்டு மெல்ல நகர்ந்தன. சாத்தூர் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தோம். எந்த லாரிக்காரரும் எங்களைப் பார்த்துக் கத்தவில்லை. திரும்பி வந்தபோது, சங்கிலிக்குப் பின்னால் அண்ணாச்சி ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தார். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

அந்த வண்டியில் ஆபத்து என்றால் பிரேக்கைக் கம்ப்யூட்டரே பிடித்துவிடுமாம். அன்றைக்குப் பிடித்தது முத்துமாரி.