ருசி பார்த்தது சாப்பாட்டில் சேராது

கூடுவாஞ்சேரியைத் தாண்டி நெல்லிக்குப்பம் சாலையில் திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, போனின் சார்ஜர், அன்று காலை வாங்கிய ரத்தப் பரிசோதனைச் சீட்டு. பொத்தேரியில் மாணவர்களுக்குச் சோறு போடும் ஒரு மெஸ்ஸில் ஒன்றரை வருடம் மாஸ்டராக இருந்தேன். நான் ஓர் இடத்தில் அவ்வளவு காலம் தங்கியதே அதிகம். சீட்டைப் பார்த்தேன், மதியச் சோற்றை வடித்து வைத்தேன், கிளம்பிவிட்டேன்.

முதலாளி வாசல் வரை வந்தார்.

"சக்கரைக்கு பயந்துகினு வேலைய உடுறியா? ஊர்ல பாதி பேருக்கு கீது. எனக்கே கீது. நான் இன்னா கடைய மூடிட்டு ஓடிட்டனா?"

"உங்களுக்கு வண்டி கீது மொதலாளி. எனக்கு காலுதான் கீது."

என் அண்ணனுக்குச் சர்க்கரையில் இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அவன் மளிகைக் கடையில் உட்கார்ந்த வேலை செய்பவன், சமாளித்துக்கொண்டான். நான் எட்டாம் வகுப்போடு நடக்கத் தொடங்கியவன். கால் இருந்தால்தான் எனக்கு அடுத்த ஊர், அடுத்த வேலை, அடுத்த சோறு. அதனால் சுகாதார நிலையத்து நர்ஸ், "இன்னும் வரல. ஆனா வாசல்ல நிக்குது. மூணு மாசம் ஒழுங்கா இருந்தா திரும்பிப் போயிடும்" என்று சொன்னபோது நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. என் போனில் சாப்பாட்டைக் குறித்து வைக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். தின்பதைத் தமிழில் வாயால் சொன்னால் போதும். ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். அளவுக்குள் இருந்தால் பச்சை. மீறினால் சிவப்பு.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. இட்லி எத்தனை கிராம் என்று கேட்டது. இட்லியை எவன் நிறுத்தான்? நான் நிறுத்தேன். காய்கறித் தராசில் ஓர் இட்லி வைத்துப் பார்த்தேன். என் இட்லி ஒன்றுபோல் இருக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மாவு ஊற்றும் கரண்டியை மாற்றினேன். இரவு நாலு பரோட்டா தின்றவன் இரண்டு சப்பாத்திக்கு வந்தேன். வேலை முடிந்ததும் ரயில் நிலையம் வரை நடந்து திரும்பினேன். நாள் முடியும்போது வட்டம் பச்சையாக இருக்கும், "அருமை!" என்று எழுத்து வரும். அம்மா உட்பட யாரும் என்னை இத்தனை தடவை பாராட்டியதில்லை.

மூன்று மாதமும் பச்சை. ஒருநாள்கூடத் தவறவில்லை. மறுபடி எடுத்த பரிசோதனையில் அதே எண். ஒரு புள்ளி குறையவில்லை.

என் உடம்பே என்னை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். கோபம் வந்தால் எனக்கு ஒரே வைத்தியம், நடப்பது.

நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு குட்டி யானை மினி லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு திருப்போரூரில் இறக்கிவிட்டார். அங்கிருந்து கடல் பக்கமாக மறுபடி நடை. கழிமுகப் பாலத்துக்கு முன்னால் புங்க மர நிழலில் ஒரு கூழ் வண்டி நின்றது. வண்டிக்காரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நெற்றியில் பெரிய பொட்டு, தோளில் ஈரத் துண்டு. மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு கொடுத்தார். தொட்டுக்கொள்ள வெங்காயமும் நெத்திலிக் கருவாடும். பழக்கதோஷத்தில் சொம்பைச் சாய்த்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கினேன். உப்பு சரியாக இருந்தது. போனை எடுத்து, "கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, சின்ன வெங்காயம் நாலு, கருவாடு கொஞ்சம்" என்றேன்.

"யாராண்டபா சொல்லிகினு கீற? வூட்டுக்காரியா?"

"வூட்டுக்காரி எல்லாம் இல்லக்கா. ஆப்."

விவரம் சொன்னேன். அண்ணன் விரல், நர்ஸ், மூன்று மாதப் பச்சை, அசையாத எண், எல்லாவற்றையும். கூழ் குடிக்க வந்தவன் இவ்வளவு பேசுவான் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஆனாலும் கேட்டார்.

"நீ இன்னா வேலை?"

"மெஸ்ல மாஸ்டரு."

"அதான பாத்தேன். இப்ப கையில ஊத்தி நக்கினியே, அத்த போன்ல சொன்னியா?"

"அது உப்பு பாத்ததுக்கா. சாப்பிட்டதில்ல."

அவர் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏன் நைனா, உப்பு பாத்ததெல்லாம் வயித்துக்குப் போகாம கூடுவாஞ்சேரிலயே எறங்கிக்குதா?"

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் முட்டாளாகத் தெரியலாம். எங்கள் தொழிலில் ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது. அடுப்படியில் நின்றபடி தின்றேன் என்று எந்த மாஸ்டரும் வாயால் சொல்ல மாட்டான். சொன்னால் திருடன் என்று பேர் வந்துவிடும். சாப்பாடு என்றால் எல்லோரும் தின்று முடித்தபின் தட்டு போட்டு உட்கார்ந்து தின்பது. அதை மட்டும்தான் நான் மூன்று மாதம் யோக்கியமாகச் சொல்லிவந்தேன்.

"காலையிலேர்ந்து இன்னா இன்னா ருசி பாத்த? சொல்லு, நானும் கேக்கிறேன்."

சொன்னேன். போனிடமும் சொன்னேன். பொங்கல் பதம் பார்க்க ஒரு கரண்டி. கேசரியில் இனிப்பு பார்க்க ஒரு கரண்டி, நெய் விட்டபின் இன்னொரு கரண்டி. உப்பாத பூரி இரண்டு, அதைப் பந்தியில் வைக்க முடியாது. சோறு வெந்ததா என்று ஒரு பிடி. மற்ற நாளானால் மாலையில் கல் காய்ந்ததா என்று போடும் முதல் பரோட்டாவும் என் வாய்க்குத்தான். மாஸ்டருக்கு என்றே சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ ஐந்து.

"டீயும் வுட்டுட்டியா?"

"டீ குடிக்கிறதுதானக்கா..."

"அடப்பாவி!"

வட்டம் மஞ்சளானது. ஆரஞ்சானது. ஐந்தாவது டீக்குச் சிவந்துவிட்டது. இன்றைய அளவைத் தாண்டிவிட்டீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்றது. அந்தம்மா வண்டியின் பலகையில் அடித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. உடம்பு ஏமாற்றவில்லை. நான் மறைத்ததை எல்லாம் அது ஒன்று விடாமல் சேர்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்படியானால் குறைக்கவும் முடியும். காலில் பத்து விரலும் இருக்கும்போதே இது தெரிந்ததே என்று இன்னொரு சொம்பு கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

"செவப்பாகிட்சினு சொன்ன இல்ல? தண்ணி குடி. திரும்பி போயி வாய கட்டிகினு சமைப்பியா?"

"ருசி பாக்காத மாஸ்டர எவன்கா வெச்சிப்பான்? பாத்தா நான் ஒரு கரண்டியோட நிக்க மாட்டேன்."

"அப்ப வாய்க்கு வேல இல்லாத வேலையா பாரு. பாலம் தாண்டினா குப்பத்துல என் தம்பி கீறான். வலை இழுக்க ஆள் பத்தலன்னு பேஜாரு பண்ணிகினு கீறான். அக்கா அனுப்சிச்சின்னு சொல்லு."

சாயங்காலம் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தம்பி ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. வலைக் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். விடிந்ததும் படகு வலையை எடுத்துப் போய்க் கடலில் பாதி வட்டமாக விட்டுவிட்டு வந்தது. கயிற்றின் இரண்டு முனையும் கரையில் இருந்தன. முனைக்குப் பத்துப் பேர்.

"கடல்ல எறங்கிகீறியா அண்ணாத்த?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"கொயம்புலதான் எறங்கிகீறேன்."

"அப்ப கடைசில நில்லு. வழுக்கினா எங்கள இஸ்துகினு போவாத."

கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்பக்கமாக நடக்க வேண்டும். மணல் மேட்டைத் தொட்டதும் கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் அலை ஓரத்தில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். மறுபடி பின்பக்கமாக நடை. மறுபடி ஓட்டம். காலை முழுக்க நடந்தும் ஓர் ஊரைக்கூடத் தாண்டாதது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கூலியாக மீனில் ஒரு பங்கு என்றார்கள். ஏழாவது முறை அலைக்கு ஓடியபோது கயிறு கனத்தது. எனக்குப் பின்னால் நின்றவர், "மீன் கீதுடா, இஸ்து வுடு!" என்று கத்தினார். குதிகாலை ஈர மணலில் ஊன்றி இழுத்தேன்.