ஏர் எடுக்கத் தெரியாத சித்தி

எங்கள் வீட்டு டிராக்டரின் இடதுபக்க மட்கார்டு என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனாலும் என்னுடையதுதான். சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தால் ஸ்டியரிங் அவருக்கு, மட்கார்டு எனக்கு. அந்த இடத்தில் ஒருநாள் புதுத்தாலியின் மஞ்சள்கூட மங்காத ஒருத்தி ஏறி உட்கார்ந்துகொண்டால் வயிறு எரியுமா எரியாதா?

நான் சும்மா சவாரி போகிறவள் இல்லை. எனக்கு வேலை உண்டு. எங்கள் அய்யாவுக்கு டேங்க் நிறைய டீசல் ஊற்றும் வழக்கமே கிடையாது. கேனில் வாங்கிவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். பாதி உழவில் வண்டி நின்றுவிடும். அப்படி நின்ற வண்டி டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது. பைப்புக்குள் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில் இருக்கிற திருகைத் தளர்த்திவிட்டு, கீழே உள்ள சின்ன பம்பைக் கையால் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழ், கடைசியில் சுத்தமான டீசல். உடனே திருகை முறுக்கிவிட வேண்டும். இதற்கு ஏர் எடுக்கிறது என்று பேர். சித்தப்பா ஸ்பேனர் பிடிப்பார், பம்ப் அடிப்பது நான். அந்தச் சந்துக்குள் பெரியவர்கள் கை நுழையச் சிரமப்படும். என் கை சுளுவாகப் போய்வரும்.

சித்தப்பாவின் கல்யாணம் முடிந்து லீவும் முடிந்துவிட்டது. மறுநாள் சித்தப்பாவுக்கு விமானம். வந்த சனமோ கறிவிருந்து முடிந்தும் கிளம்பவில்லை. கூடத்தில் பாய், அடுப்படியில் பாய், மாடியில் பாய். புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்கு ஒதுக்கிய அறையில்தான் நல்ல ஃபேன் இருக்கிறதென்று பெரியத்தை கைக்குழந்தையோடு அங்கே குடியேறிவிட்டாள். சித்தப்பாவும் சித்தியும் பேசிக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது.

அன்றைக்குப் பிற்பகல் வாடகை அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கச் சித்தப்பா டிரெய்லரை மாட்டினார். சித்திக்கு வளையல் வாங்க வேண்டுமாம், அவளும் வருகிறாளாம். நான் தெருவில் விழுந்து புரண்டேன். அம்மா என்னையும் தூக்கி ஏற்றிவிட்டாள். சித்தப்பாவின் முகம் சுண்டிப்போனது. சித்தி என் மட்கார்டில் உட்கார்ந்தாள். வலதுபக்கம் காலியாகத்தான் இருந்தது, யாருக்கு வேண்டும் அது? டிரெய்லரில் அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சாயல்குடி வரைக்கும் முறைத்துக்கொண்டே போனேன்.

திரும்பும்போது பங்க்கைத் தாண்டினோம். டீசல் போடலையா சித்தப்பா என்று கத்தினேன். கிடக்கு கிடக்கு என்றார். ரோட்டை விட்டு உப்பளத்துப் பாதையில் வண்டியைத் திருப்பினார். சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்ட இடத்தில் இஞ்சின் இருமி நின்றது. டீசல் தீர்ந்துபோச்சு என்றார், துளி வருத்தமில்லாமல். சித்தி தலையைக் குனிந்து சிரித்தாள். வண்டி நின்றுகிடக்கிறது, இவளுக்கு என்ன இளிப்பு?

சித்தப்பா என்னிடம் வந்து குழைந்தார். "தாயி, நீ நடந்துபோயி அய்யாகிட்டக் கேனை வாங்கிட்டு வா. மெதுவா வா, அவசரமே இல்ல."

பனைமரங்களுக்கு அப்பால் ஊர் தெரிந்தது. ஆனால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் அந்தப் பக்கம் போனதும் இவளுக்கு பம்ப் அடிக்கக் கற்றுக்கொடுத்துவிடுவார். மட்கார்டு போனது போதாதென்று பம்ப்பும் போய்விடும். போகமாட்டேன் என்றேன். மிட்டாய் தருகிறேன் என்றார், அடுத்த லீவுக்கு வாட்ச் வாங்கிவருகிறேன் என்றார், தலைகீழாக நின்று பார்த்தார். நான் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பால்காரர் மொபெட்டில் வந்தார். ஓடிப்போய்க் குறுக்கே நின்று நிறுத்தி, எங்கள் அய்யாவிடம் டீசல் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். போன கையோடு கேனுடன் வந்து நின்றார். பாலை ஒருநாளும் அப்படிச் சுறுசுறுப்பாகக் கொண்டுவந்த மனுஷனில்லை.

சித்தப்பா கஷாயம் குடித்த முகத்தோடு டீசலை ஊற்றினார். பால்காரர் போனதும், "இங்கன வா, நீ பம்ப் அடி" என்றார். என்னை இல்லை, அவளை!

எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்தது. சித்தி சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். பூப்பறிக்கிற மாதிரி பம்ப் அடித்தாள். புதுவளையல் மட்டும் கலகலவென்றது. இப்படி அடிக்கணும் என்று சித்தப்பா அவள் கைமேல் தன் கையை வைத்தார். நுரை வழிந்து மண்ணில் இறங்கியது. நான் ஒரு சொட்டுச் சிந்தினால் குட்டு வைக்கிற ஆள், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்பேனர் எங்கே கிடக்கிறதென்றும் அவருக்குத் தெரியவில்லை. இன்னும் வரல, இன்னும் வரல என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். வராமல் என்ன செய்யும்? அடிக்கிற விதத்தில் அடித்தால் தானாக வரும்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பாவின் முழங்கைக்கு அடியில் புகுந்து, சித்தியின் கையைப் பிடுங்கிப்போட்டுவிட்டு நான் அடித்தேன். நுரை நின்று குமிழ் வந்தது, குமிழும் போய்ச் சுத்தமான டீசல் வந்தது. முறுக்குங்க சித்தப்பா என்றேன். வேறு வழியில்லாமல் ஸ்பேனரைத் தேடி எடுத்து முறுக்கினார். சீட்டில் ஏறி செல்ஃப் அடித்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய் என் மட்கார்டில் ஏறிக்கொண்டேன். சித்தி வலதுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

விளக்கு வைப்பதற்குள் வீடு வந்துவிட்டோம். பால்காரர் முந்திக்கொண்டு கதையைச் சொல்லியிருந்தார். இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் இரண்டு பேரும் இன்னும் அங்கேயே கிடந்திருப்பார்கள் என்று அய்யா அத்தனை சனத்துக்கு நடுவில் என்னை மெச்சினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்தப்பா மட்டும் யாரையும் பார்க்காமல் பெட்டி கட்டப் போனார்.

சித்தி கொல்லைக் குழாயடியில் டீசல் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. என்னிடம் தோற்றுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஜெயித்தவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வரத்தானே செய்யும்? பக்கத்தில் போய் நின்றேன்.

"அழாதீங்க சித்தி. நாளைக்கு நானே சொல்லித் தாரேன்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு உங்க சித்தப்பா இருக்க மாட்டாகளே."

"அவுக எதுக்கு? டிராக்டர் இங்கனதான நிக்கும்" என்றேன்.